கண்ணு படாத காரு

எங்க வீதிக்குப் புதுசா வர்றவங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன். வேப்பமரத்துக்குப் பக்கத்துல கோலமாவுல நீளமா ஒரு கட்டம் போட்டிருக்குதே, அதுக்குள்ள கால் வெச்சுராதீங்க, சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தாதீங்க, சாயங்காலம் பொழுதோட அந்தப் பக்கம் போனீங்கன்னா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போங்க. ஏன்னு கேட்டீங்கன்னா இப்படி வாசப்படியில வந்து உக்காருங்க, சொல்றேன். கம்பெனியில தெச்ச பனியன்ல தொங்கற நூலையெல்லாம் வெட்டி விடறதுதான் என் பொழப்பு, பிசிறு வெட்டறதுன்னு சொல்லுவோம், அதுக்குக் கண்ணும் கையும் போதும், வாய் சும்மாதான் கெடக்குது.

இந்தத் திருப்பூர்ல எல்லா வீதியும் அலுத்துப்போன வீதிதான், ஆனா எங்க வீதி மாதிரி அலுத்த வீதிய நான் பார்த்ததில்ல. வெடியால டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு ஓடறதும், பொழுதோட பஞ்சு ஒட்டுன தலையோட திரும்பி வர்றதும், வந்ததும் வராததுமா அடுப்பைப் பத்த வெக்கறதும், ஞாயித்துக்கெழமையும் ஷிப்ட்டுன்னா அதுக்கும் தலைய ஆட்டறதும், எதிர்க்க வர்றவங்களப் பார்த்துச் சிரிக்கோணும்னா அதுக்குக்கூட ஒடம்புல தெம்பில்லாம புருவத்த மட்டும் தூக்கிட்டுப் போறதுமா இருக்கற சனம் இது. அந்தச் சனத்துலதான் சென்னியப்பண்ணனும் ஒருத்தர். டெய்லரா இருந்து லைன் சூப்பர்வைசரா ஆனவரு. அவரு சம்சாரம் வசந்தாமணி, அதே கம்பெனியில செக்கிங், பகலெல்லாம் நின்னுக்கிட்டே துணியில ஓட்டை தேடற வேலை. வேப்பமரத்துக்கு நேரெதிர் வீடுதான் அவங்க வீடு.

அந்த அண்ணனுக்குக் காரு மேல ஆசையெல்லாம் கெடையாதுங்க, ரோசந்தான். அவரோட அக்காளக் காங்கேயத்துல ரைஸ்மில்லுக்காரருக்குக் கட்டிக் குடுத்திருக்குது. அக்கா மக வயசுக்கு வந்தப்ப, சீரு கொண்டுட்டுப் போக வேண்டிய தாய்மாமன் இவரு, நல்ல மழையில பஸ்ஸு மாறி மாறிப் போயி, சீர்த்தட்டெல்லாம் பிளாஸ்டிக் பையில சுத்தி, முட்டங்கால் வரைக்கும் சேத்தோட போய் நின்னிருக்காரு. மச்சான்காரரு பந்தல்ல இருந்த ஒறம்பற சனம் மொத்தமும் கேக்கறாப்பல, "ஏனுங் மாப்பிள, எந்த பஸ்ஸுல வந்தீங்க? டிரைவருகிட்டச் சொல்லியிருந்தா பந்தல் வரைக்குமே ஓட்டிட்டு வந்திருப்பாருல்ல?"ன்னு கேட்டுப்போட்டாரு. பந்தலே சிரிச்சுதாம். அன்னைக்கு மனசுல விழுந்ததுதான், அந்தப் புள்ளையோட கல்யாணத்துக்குக் காருல போய் எறங்கோணும், மச்சான் கண்ணாலயே பார்க்கோணும், பார்த்துட்டு அவர் வாயில வேற பேச்சே வரக்கூடாதுன்னு.

வருசக்கணக்கா ஒன்றரை ஷிப்ட்டு பார்த்து, டீ குடிக்கறத நிறுத்தி, வசந்தாமணியும் ஞாயித்துக்கெழமையத் தொலைச்சு, ஒரு வழியா அந்தக் காரு வந்து சேர்ந்துச்சு. வேற ஒருத்தரு ஓட்டுனதுதான், ஆனா வெள்ளையா, கதவைத் தொறந்தா சந்தன வாசம் வர்றாப்பல, பின்னாடி சீட்டு மெத்து மெத்துன்னு. வீட்டுல எடமில்லாததால வேப்பமரத்தடியிலதான் நிறுத்துனாரு. நிறுத்துன அன்னைக்கே அவரோட தூக்கம் போயிருச்சு. ஏன்னா அந்த வாரந்தான் பக்கத்து வீதி வாத்தியாரோட காரு காணாமப் போயிருந்துச்சு, வாசல்ல நின்ன காரு, சாவி வீட்டுக்குள்ள ஆணியில தொங்குது, காரு மட்டும் இல்ல.

அப்பறம் பாருங்க அண்ணன் படுத்துன பாட்ட. ஸ்டீயரிங்குக்கு ஒரு பூட்டு, கியருக்கு ஒரு பூட்டு, தொட்டாக் கத்தற சைரன் ஒண்ணு, அது பூனை ஏறுனாலும் கத்தும், வேப்பம்பழம் விழுந்தாலும் கத்தும், நாங்க எல்லாரும் எந்திரிச்சு வந்து அண்ணனத் திட்டிட்டுப் போவோம். அதுவும் பத்தாதுன்னு மாட்டைக் கட்டறாப்பல சங்கிலி போட்டுக் காரை வேப்பமரத்தோட கட்டுனாரு. சக்கரத்தக் கழட்டி வீட்டுக்குள்ள வெச்சுக்கலாமான்னுகூட ரோசனை பண்ணுனாருன்னா நம்புங்க. வசந்தாமணி என்கிட்ட வந்து, "அக்கா, காரு வந்ததுல இருந்து இந்த மனுசன் கம்பெனியில நின்னுக்கிட்டே தூங்கறாரு, காரு யாருக்கு வாங்குனோம்னே தெரியலக்கா"ன்னு பொலம்புவா.

கடைசியா யாரோ சொல்லி, பள்ளத்துக் கரையில இருக்கற கருப்பராயன் கோயிலுக்குக் காரை ஓட்டிட்டுப் போனாரு. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு, முன்னாடி தேங்கா ஒடைச்சு, பூசாரி திருநீத்தக் கையில வெச்சுக்கிட்டு, "என்னன்னு வேண்டிக்கறே, சாமிகிட்ட வாயத் தொறந்து சொல்லிரு"ன்னாரு. எல்லாரும் என்னன்னு சொல்லுவாங்க? கண்ணு பட்ரக் கூடாது சாமின்னு சொல்லுவாங்க. கண்ணுன்னா திருஷ்டி. சாமிக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனா அண்ணன் தூக்கமில்லாத ஆளு, மண்டைக்குள்ள திருடன் மட்டுந்தான் நிக்கறான், அதனால அவரு அதோட நிறுத்தல. "ஒரு கண்ணு படக் கூடாது சாமி, ஊர்க் கண்ணு, ஒறவுக் கண்ணு, போறவன் கண்ணு, வர்றவன் கண்ணு, இந்தக் காரு மேல ஒருத்தன் கண்ணுகூடப் படக் கூடாது, படவே கூடாது"ன்னு அழுத்தி அழுத்திச் சொல்லியிருக்காரு. கருப்பராயன் சுருட்டுக் குடிக்கற சாமி, சொன்னாச் சொன்னதுதான், சுத்தி வளைக்கறதெல்லாம் அவருக்குத் தெரியாது.

மறுநாள் வெடியால பார்த்தா வேப்பமரத்தடியில காரு இல்ல.

அண்ணன் போட்ட சத்தத்துல வீதியே கூடிருச்சு. வாயிலயும் வயித்துலயும் அடிச்சுக்கிட்டு அந்த மனுசன் அழுததப் பார்க்க முடியலீங்க, தலையில பஞ்சோட திரும்பின அத்தனை நாளும் அந்த அழுகையில இருந்துச்சு. ஸ்டேசன்ல இருந்து ஏட்டு ஒருத்தரு வந்தாரு, "எங்கய்யா நிறுத்தியிருந்த?"ன்னு கேட்டுக்கிட்டே மரத்துக்கிட்ட வேகமா நடந்தவரு, 'ணங்'குன்னு ஒரு சத்தம், முட்டியப் புடிச்சுக்கிட்டு அப்படியே குந்திட்டாரு. சைரன் 'குய்யோ முறையோ'ன்னு கத்த ஆரம்பிச்சுது. காரு அங்கயேதான் நிக்குது. கண்ணுக்குத்தான் தெரியல.

ஏட்டு முட்டியத் தேய்ச்சுக்கிட்டே காத்தைத் தடவித் தடவிப் பார்த்தாரு, கண்ணாடி, கதவு, டயரு, எல்லாம் கைக்குத் தட்டுப்படுது. "காணாமப் போனதாவும் எழுத முடியாது, இருக்கறதாவும் எழுத முடியாது, என்னைய எதுக்குய்யா கூப்பிட்டே?"ன்னு சடஞ்சுக்கிட்டு நொண்டி நொண்டிப் போயிட்டாரு. அவருக்கும் அன்னைக்கு வேற எத்தனையோ வேலை. எங்களுக்கும் ஷிப்ட்டுக்கு நேரமாச்சு. அட, காருதானே, கண்ணுக்குத் தெரியலன்னா என்ன இப்ப, வேற எது நமக்குத் தெளிவாத் தெரிஞ்சுதுன்னு அவங்கவங்க பாட்டுக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டோம்.

அப்படித்தான் பழகிப்போச்சு. மொத நாளு பால்காரர் மோதி விழுந்தாரு, அடுத்த நாளு கேஸ் சிலிண்டர் வண்டி லேசா இடிச்சுது, அதுக்கப்பறம் வசந்தாமணி வெடியால வாசல்ல கோலம் போடறப்பவே மரத்தடிக்கும் போயி, காரைக் கையால தடவித் தடவிச் சுத்தியும் மாவுல ஒரு கோடு இழுத்துட்டு வந்துருவா. அந்தக் கட்டம் அப்படி வந்ததுதான். காருக்கு மேல காக்கா உக்காந்தா, ஒண்ணுமில்லாத வெத்து ஆகாசத்துல காக்கா உக்காந்திருக்கறாப்பல தெரியும். பூனை மல்லாக்கப் படுத்திருக்கும், நெஞ்சு ஒசரத்துல. எங்க வீதிப் பொம்பளைங்க வெயில் நல்லா விழுகுதுன்னு பானெட்டு மேல மிளகாய் காயப் போட ஆரம்பிச்சாங்க, அந்தரத்துல செவப்பா ஒரு பாய் விரிச்சாப்பல. புதுசா வந்த தபால்காரர் மட்டும் ஒரு நாளு நின்னு பார்த்துட்டு, தலைய ஒதறிக்கிட்டுப் போனாரு.

அண்ணன் பெயிண்ட் வாங்கி அடிச்சுப் பார்த்தாரு. மறுநாளே பெயிண்ட்டும் தெரியாமப் போச்சு. உறை வாங்கிப் போர்த்துனாரு, அது மட்டும் காரு மாதிரி பொம்முன்னு நின்னுச்சு, ஆனா உறையோட காரை ஓட்ட முடியுங்களா? திருட்டுப் பயம் போச்சு, அது உண்மை. சங்கிலியக் கழட்டுனாரு, சைரனைப் புடுங்குனாரு, பூட்டையெல்லாம் எடுத்துப் பரண்ல போட்டாரு. தூக்கம் மட்டும் வரல. ஏன்னா கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு. மச்சான் பார்க்கோணும்னுதானே இத்தனையும்?

திரும்பப் பூசாரிகிட்ட ஓடுனாரு. பூசாரி சிரிக்கக்கூட இல்லியாம். "நீ கேட்டதத்தானப்பா குடுத்தாரு. அவரு குடுத்த வாக்கத் திரும்ப வாங்க மாட்டாரு. ஒரு கண்ணு, ஒரே ஒரு கண்ணு, நெசமாவே வயிறெரிஞ்சு அது மேல விழுந்துச்சுன்னா, கட்டு அவுந்துரும்"ன்னாரு. அட, காரைப் பார்த்தாத்தானே வயிறெரியும்? தெரியாத காரைப் பார்த்து எவன் வயிறெரிவான்? அண்ணன் கெஞ்சாத குறையா அந்த வாத்தியாரைக் கூட்டியாந்து, காரு தொலைச்ச மனுசனாச்சே, கொஞ்சமாச்சும் எரியாதான்னு, கதவைத் தொறந்து சீட்டுல உக்கார வெச்சுக்கூடப் பார்த்தாரு. வாத்தியாரு எறங்கி வந்து, "உங்களப் பார்த்தாப் பாவமா இருக்குதுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

இப்ப வசந்தாமணி கதைக்கு வர்றேன். ஒரு நாளு பொழுதோட அவ கம்பெனி விட்டு வந்தா. வீட்டுக்குள்ள மாமியாளும் மாமனாரும், ஊர்ல இருந்து வந்த ஒறம்பற ரெண்டு பேரும், எல்லாருக்கும் காப்பி, அப்பறம் சோறு. வாசல்ல நின்னவ உள்ள போகல. திரும்பி மரத்தடிக்கு வந்தா, கட்டத்துக்கு வெளிய செருப்பைக் கழட்டி விட்டா, கையால தொளாவிக் கதவைத் தொறந்தா, உள்ள காலத் தூக்கி வெச்சா, அவ்வளவுதான், ஆளையே காணோம். காருக்குள்ள போயிட்டா நாமளும் தெரிய மாட்டம் போலருக்குதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மாமியாக்காரி வெளிய வந்து, "வசந்தா, ஏ வசந்தா"ன்னு வீதி முச்சூடும் கூப்பிட்டுக்கிட்டு அவ மூக்குக்கு நேராவே நடந்து போகுது. எனக்கு மட்டும் இங்க இருந்து செருப்பு தெரியுது. நான் வாயே தொறக்கல.

சித்த நேரங்கழிச்சு எறங்கி வந்தா பாருங்க, மூஞ்சி அப்படியே கழுவி வெச்சாப்பல இருந்துச்சு. என்கிட்ட வந்து குசுகுசுன்னு, "அக்கா, ஒருத்தர் கண்ணும் படாம ஒக்காந்திருந்தேங்க்கா. தலையச் சாச்சு, காலை நீட்டி, வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குனேங்க்கா"ன்னு சொல்றா, சொல்றப்பவே அழுகறா. கல்யாணமாகி வந்ததுல இருந்து அவ காலை நீட்டி ஒக்காந்து நான் பார்த்ததில்லீங்க. வீட்டுல ஒரு கண்ணு, கம்பெனியில நூறு கண்ணு, ரோட்டுல எல்லாக் கண்ணும். ஒக்காந்தா ஏன் ஒக்காந்தேன்னு, நின்னா ஏன் நின்னேன்னு.

அடுத்த நாளு நான் போனேன். பொய் சொல்ல மாட்டேன், கதவைச் சாத்துனதும் நானும் காலை நீட்டிட்டேன். உள்ள இருந்து பார்த்தா வெளிய எல்லாம் நல்லாத் தெரியுது, என் வீட்டு வாசல், என் பனியன் மூட்டை, என் ஊட்டுக்காரர் என்னைத் தேடிக்கிட்டு நிக்கறது, எல்லாந் தெரியுது, ஆனா யாருக்கும் என்னையத் தெரியாது. அந்த மூட்டை இன்னைக்கு முடியலன்னா முடியல போன்னு அன்னைக்குத்தான் மொதத் தடவையாத் தோணுச்சு. அப்பறம் ஒவ்வொருத்தியா வர ஆரம்பிச்சாளுங்க, யாரும் யார்கிட்டயும் சொல்லல, ஆனா கட்டத்துக்கு வெளிய ஒரு சோடி செருப்பு இருந்தா உள்ள ஆள் இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. செருப்பு இருந்தா யாரும் கதவைத் தொட மாட்டோம், பக்கத்துல நின்னு பேச மாட்டோம், கொழந்தைங்களக்கூட அந்தப் பக்கம் வெளையாட விடமாட்டோம். ஆம்பளைங்க அந்தச் செருப்பைப் பார்த்தும் ஒண்ணும் கேக்கல. கேக்கறதுக்கும் தெம்பு வேணும்ல. பொழுதோட நேரம் மட்டும் வசந்தாமணிக்குன்னு விட்டுட்டோம். காரு அவளோடதாச்சே.

சென்னியப்பண்ணனுக்கு இதெல்லாம் காதுல விழுந்துச்சா இல்லையான்னு தெரியல. அவரு கல்யாணத்தையே நெனச்சுக்கிட்டுத் திரிஞ்சாரு. கடைசி வரைக்கும் ஒரு கண்ணும் விழல. சரி, கண்ணுக்குத் தெரியாட்டியும் காரு காருதான்னு, கல்யாணத்தன்னைக்கு வெடியால சீர்த்தட்டெல்லாம் உள்ள வெச்சு, வசந்தாமணியப் பின்சீட்டுல உக்கார வெச்சு, ரோட்டுல எவனும் வந்து மோதிப்போடக் கூடாதேன்னு முன்னாடி ஒரு கொத்து, பின்னாடி ஒரு கொத்து வேப்பந்தழையக் கட்டிக்கிட்டு, ஆரன் அடிச்சுக்கிட்டே கெளம்புனாரு. காங்கேயம் ரோட்டுல ரெண்டு வேப்பங்கொத்து அந்தரத்துல பறந்து வர்றதப் பார்த்துட்டு லாரிக்காரங்கெல்லாம் ஒதுங்கிக்கிட்டாங்களாம், ஒரு பாட்டி பஸ் ஸ்டாப்புல இருந்து, ஆத்தா வர்றாடின்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சாம். அந்தத் தழையும் காத்துல உருவிக்கிட்டு, மண்டபம் வந்து சேர்றப்ப வெறும் காம்புகூட இல்ல.

மண்டபத்துல நடந்ததை வசந்தாமணிதான் சொன்னா. மண்டபத்து வாசலுக்கு நேரா, மச்சான் கண்ணுல படற எடமாப் பார்த்துத்தான் காரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்காரு. நிறுத்தி எறங்கினதும் எடம் காலியாத்தான் தெரியுது, போர்த்தறதுக்கு உறையையும் அவசரத்துல வீட்டுலயே விட்டுட்டாரு. ஒறம்பற காரு ஒவ்வொண்ணும் அந்த எடத்தப் பார்த்து மூக்கை நொழைக்குது. இவரு ஓடி ஓடிக் குறுக்க நின்னு, "வேண்டாங்க, வேண்டாங்க, இங்க ஆளிருக்குது"ன்னு கையை விரிச்சு நிக்கறாரு. பட்டுவேட்டி கட்டுன தாய்மாமன், மணமேடையில நிக்க வேண்டிய ஆளு, மொட்டை வெயில்ல வெறும் தரைக்குக் காவல். சீரு செய்யக் கூப்பிட்டப்ப ஓடிப்போய்ச் செஞ்சுட்டு, மாலை கழுத்துலயே இருக்க, திரும்ப வந்து நின்னாராம். மச்சான் பந்தி விசாரிச்சுட்டு வெளிய வந்தவரு பார்த்துட்டு, அவருக்கென்ன, வாய் இருக்குது, "ஏனுங் மாப்பிள, எந்த பஸ்ஸுல வந்தீங்க? அதுக்குத்தான் எடம் புடிச்சு வெச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டாராம். மறுபடியும் சிரிப்பு.

"அவரு தண்ணிகூடக் குடிக்காம வந்து வண்டிய எடுத்தாரு. எனக்கு நெஞ்சு வலிச்சுது. ஆனா பாருங்க்கா, போறப்பவும் வர்றப்பவும் நான் பின்னாடி படுத்து நல்லாத் தூங்கிட்டேன். மண்டபத்துல நாத்தனாளு என் மொகத்தப் பார்த்துட்டு, வசந்தா, நீ மட்டும் எப்படிடி இப்படித் தெளிச்சியா இருக்கேன்னு கேக்கறா. அதச் சொன்னா அவரு சங்கடப்படுவாரேன்னு சொல்லல"ன்னா வசந்தாமணி.

கல்யாணம் முடிஞ்சு கொஞ்ச நாளாச்சு. ஒரு நாளு பொழுதோட சென்னியப்பண்ணன் கம்பெனி விட்டு வந்தாரு. நடையப் பார்த்தாலே தெரிஞ்சுது, கால் ஒரு பக்கம் போகுது, ஆளு ஒரு பக்கம் போறாரு. வீட்டுக்குள்ள போனவரு திரும்பி வந்தாரு, சோறு ஆக்கல போலருக்குது. மரத்தடியப் பார்த்தாரு. கட்டத்துக்கு வெளிய வசந்தாமணியோட ரப்பர் செருப்பு, ஒரு வாரு பிஞ்சு பின்னு குத்துனது. என்னையப் பார்த்து, "அம்மிணி, உள்ள அவதானா?"ன்னாரு. "ஆமாங்ணா, இப்பத்தான் போனா, சித்த விடுங்க, பாவம்"ன்னேன்.

அவரு நகரல. வெத்து எடத்தப் பார்த்துக்கிட்டே நின்னாரு. அப்பறம், யார்கிட்டயும் இல்லாம, அவருக்கே சொல்றாப்பல பேச ஆரம்பிச்சாரு. "நான் வாங்குன காரு. கழுவுனேன், தொடச்சேன், காவல் இருந்தேன், ஓட்டுனேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நான் இதுல சாஞ்சு கண்ணை மூடியிருக்கனா? இவ தூங்கறா. ஊர்ல இருக்கறவளெல்லாம் வந்து தூங்கறாளுக. எனக்கு மட்டும் என்னங்க வந்துச்சு, எனக்கு ஒடம்பு இரும்பா?" கொரலு அப்படியே ஒடைஞ்சு போச்சு. அந்த மனுசன் கண்ணைப் பார்க்கோணுமே, செவந்து, தண்ணி கோத்துக்கிட்டு, பொண்டாட்டி தூங்கற தூக்கத்து மேல அப்படியொரு எரிச்சல். சத்தியமாச் சொல்றேன், அது காரு மேல பட்ட கண்ணே இல்லீங்க, தூக்கத்து மேல பட்ட கண்ணு.

பட்டதும் காரு தெரிஞ்சுருச்சு. மொதல்ல சக்கரம், அப்பறம் கதவு, தண்ணியில போட்ட துணி மெதுவா மேல வர்றாப்பல ஒவ்வொண்ணா வந்து, முழுசா வெள்ளையா நின்னுச்சு. மேல காயப் போட்ட மிளகாயோட, காக்கா எச்சத்தோட, அண்ணன் அடிச்ச பச்சை பெயிண்ட் திட்டுத் திட்டா. உள்ள பின்சீட்டுல வசந்தாமணி. கொண்டை அவுந்து, மாராப்பு வெலகி, ஒரு கால் முன்சீட்டு மேல, வாய் பொளந்து, ஓரத்துல எச்சி வழிஞ்சு, பச்சக் கொழந்தை மாதிரி தூங்கறா.

வீதியில நின்ன அத்தனை பேரும் பார்த்துட்டோம். காரு வந்துருச்சுன்னு கத்தறதுக்குத் தொறந்த வாயெல்லாம் அப்படியே நின்னு போச்சு. அண்ணன் அவளையே பார்த்தாரு. இத்தனை வருசம் ஒண்ணாப் பொழைச்சும் அவரு அவ தூங்கிப் பார்த்ததில்ல போல, அவரு படுக்கறப்ப அவ வேலையா இருப்பா, அவரு எந்திரிக்கறப்ப அவ எந்திரிச்சிருப்பா. தோள்ல கெடந்த துண்டை உருவிக் கண்ணாடி மேல விரிச்சு, பறந்துராம ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, எங்களப் பார்த்துத் திரும்பி, "போங்க, எல்லாரும் போங்க, அவ எந்திரிக்கட்டும்"ன்னாரு. காரு தெரிஞ்சுருச்சேன்னு அவருக்கு ஞாபகமே இல்ல. அவ எந்திரிக்கற வரைக்கும் அப்படியே புடிச்சுக்கிட்டு நின்னாரு.

கண்ணு முழிச்சவ, கண்ணாடியில துண்டும் துண்டுக்குப் பின்னாடி புருசன் கையும் பார்த்துட்டு எறங்கி, சீலையச் சரி பண்ணி, செருப்பை மாட்டிட்டு உள்ள போய் உலை வெச்சா. அதுக்கப்பறம் யாரும் அதுல ஒக்காரல. எல்லாருக்கும் தெரியற எடத்துல எப்படிங்க தூங்கறது? நான் மறுபடியும் இந்த மூட்டைக்கு முன்னாடியே ஒக்காந்தேன். அண்ணன் பரண்ல இருந்து பூட்டையெல்லாம் எடுத்து மாட்டுனாரு. அதுல பழைய வேகம் இல்ல.

காரு போனது பட்டப்பகல்லதாங்க. வீதியே கம்பெனிக்குப் போயிருந்துச்சு, நான் ரேசன் கடை வரிசையில நின்னேன், வந்து பார்த்தா சங்கிலி மட்டும் மரத்தோட கெடக்குது. அதே ஏட்டு வந்தாரு. இந்தத் தடவை வெவரமா மெதுவா நடந்து வந்து, கட்டத்துக்கு வெளிய நின்னு, லத்தியக் காத்துல இப்படியும் அப்படியும் வீசிப் பார்த்தாரு. ஒண்ணுலயும் படல. "போயிருச்சா, இல்ல மறுபடியும் தெரியலையா, நல்லாப் பார்த்துச் சொல்லுய்யா"ன்னாரு. அண்ணன் கட்டத்துக்குள்ள போயி, கையை முன்னாடி நீட்டிக்கிட்டு, இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் நடந்தாரு. "நெசமாவே போயிருச்சுங்க"ன்னாரு. அவரு அழுகல. பின்னாடி நின்ன வசந்தாமணிதான் கதறிட்டா. "என்ற எடம் போச்சே, என்ற எடம் போச்சே"ன்னு. காருன்னு ஒரு தடவைகூடச் சொல்லல.

மறுநாள் வெடியால கோலமாவோட வந்தவ, வாசலுக்குப் போட்டுட்டு, மரத்தடிக்கும் போனா. தடவிப் பார்க்கறதுக்கு ஒண்ணுமில்ல, ஆனா அவ கைக்கு அளவு தெரியும். அதே கோடு, அதே நீளம். பொழுதோட கம்பெனி விட்டு வந்தா, உள்ள மாமியா கூப்பிடுது, இவ கட்டத்துக்கு வெளிய செருப்பைக் கழட்டி விட்டுட்டு, உள்ள போய் வெறுந்தரையில ஒக்காந்து, வேப்பமரத்துல சாஞ்சு, காலை நீட்டி, கண்ணை மூடிட்டா. நடுவீதியில, எல்லாருக்கும் தெரியறாப்பல.

என்ன செய்யறதுன்னு ஒரு நிமிசம் யாருக்கும் தெரியலீங்க. செருப்பைப் பார்த்தோம். அப்பறம் நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். எதிர்வீட்டுக்காரி தண்ணிக் கொடத்தோட வந்தவ, தலையக் குனிஞ்சுக்கிட்டு அந்தப் பக்கமாப் போனா. பால்காரர் மணியடிக்காம வண்டியத் தள்ளிட்டுப் போனாரு. மாமியாக்காரி வெளிய வந்து, "வசந்தா, ஏ வசந்தா"ன்னு கூப்பிட்டுது, அவளுக்கு நேராவே வந்துச்சு, செருப்பைப் பார்த்துச்சு, நின்னுச்சு, அப்பறம் எங்க எல்லாரையும் ஒரு தடவை பார்த்துட்டு, "எங்கதான் போனாளோ"ன்னு சொல்லிட்டு, தானே போய் உலை வெச்சுது.

அன்னைக்கு சென்னியப்பண்ணன் வந்தப்ப நான் ஓரக்கண்ணால பார்த்தேன், பார்க்காம இருக்க முடியல, அவ்வளவுதான் பார்த்தேன். கட்டத்துக்கிட்ட வந்தாரு, நின்னாரு, காலை அப்படியும் இப்படியும் வெச்சாரு. அப்பறம் குனிஞ்சு, அவரு செருப்பைக் கழட்டி, அவ செருப்புக்குப் பக்கத்துல சோடியா வெச்சாரு.

என்னது? அங்க ரெண்டு பேரு ஒக்காந்து தூங்கறாங்களா? எங்கீங்க? எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே. நீங்க இப்படித் திரும்பி ஒக்காருங்க, காப்பி போடறேன்.